பூமிக்கு வெளியே உயிர் உண்டா? பினாங்கு வானம் பார்க்கும் மாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, மழை இல்லாவிட்டால், நண்பர்கள் சிலருடன் பினாங்கு எஸ்பிளனேட் திடலில் தொலைநோக்கியை நிறுத்தி, வருவோர் போவோருக்கு நிலவையும் கோள்களையும் காட்டி வருகிறேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் சாமான் வாங்கிவிட்டு வரும் குடும்பங்கள், தமிழ்ப்பள்ளி மாணவர்கள், கடற்காற்று வாங்க வரும் முதியவர்கள் எனப் பலரும் வரிசையில் நிற்பார்கள். சனியின் வளையத்தைப் பார்த்துக் கண்ணை எடுத்ததும் பெரும்பாலோர் கேட்பது வளையத்தைப் பற்றியல்ல, "அங்கே யாராவது இருக்கிறார்களா?" என்பதைத்தான். வரிசை நகர வேண்டியிருப்பதால் அங்கே அரைகுறையாகச் சொல்ல நேர்ந்த பதில்களை இங்கே முழுமையாக எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உண்டா இல்லையா?

பூமிக்கு வெளியே ஓர் உயிர்கூட இதுவரை கண்டறியப்படவில்லை. அதே வேளையில், இல்லை என்றும் எவரும் நிறுவிவிடவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

தேடியது எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உயிரையே நேரடியாகத் தேடும் சோதனைக் கருவிகள் வெற்றிகரமாக இயங்கிய வேற்றுலகம் செவ்வாய் ஒன்றுதான். அதுவும் 1976-இல், இரண்டே இடங்களில், கையளவு மண்ணில். அதன்பின் சென்ற ஊர்திகள் உயிர் வாழத்தக்க சூழல் இருந்ததா, பழைய உயிரின் சுவடு கல்லில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கவே அனுப்பப்பட்டன.

உயிர் என்றால் மனிதரைப் போன்றவர்களா?

நம் மொழியில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துப் பேசும் பழைய வழக்கம் இங்கே நன்றாகப் பயன்படுகிறது. திடலில் நிற்பவர் கேட்பது ஆறறிவு உயிரைப் பற்றி. ஆய்வாளர் தேடுவதோ பெரும்பாலும் ஓரறிவுக்கும் கீழே வைக்க வேண்டிய நுண்ணுயிரை. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதங்கள் முளைக்கின்றன.

இரண்டும் எவ்வளவு வேறுபட்டவை என்பதைப் பூமியின் வரலாறே காட்டுகிறது. பூமி தோன்றி ஏறத்தாழ 4.5 பில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. நுண்ணுயிர்கள் வாழ்ந்ததற்கான பாறைச் சான்றுகள் ஏறத்தாழ 3.5 பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கின்றன. விலங்குகள் என்று சொல்லத்தக்கவை வந்ததோ ஏறத்தாழ 600 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான். வானொலி அலை அனுப்பத் தெரிந்த உயிர் தோன்றி அவ்வலையைப் பயன்படுத்தத் தொடங்கியது நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில். ஆகவே வேற்று உலகம் ஒன்றில் உயிர் இருந்தாலும் அது பாறையில் படிந்த பாசி போன்றதாகவே இருக்க வாய்ப்பு மிகுதி என்பது என் கருத்து. பாசியைக் கண்டுபிடித்தால் போதுமா என்று ஒரு மாணவி முகம் சுளித்துக் கேட்டாள். போதும், அதைவிடப் பெரிய செய்தியை அறிவியல் இதுவரை சொன்னதில்லை.

இத்தனை விண்மீன்கள் இருக்கும்போது எங்காவது இருந்தே தீர வேண்டும் அல்லவா?

நம் பால்வீதியில் மட்டும் 100 முதல் 400 பில்லியன் வரை விண்மீன்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 1995-இல் மிஷேல் மேயர், டிடியே குவெலோ ஆகிய இருவரும் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாக அறிவித்தார்கள்; அதற்காக 2019-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அவ்வாறான புறக்கோள்களின் எண்ணிக்கை 2022-இல் 5,000-ஐத் தாண்டி, 2025-இல் 6,000-ஐ எட்டியது. கோள்கள் அரியவை அல்ல என்பது இன்று உறுதி.

ஆனால் "இருந்தே தீர வேண்டும்" என்ற முடிவுக்கு இந்த எண்கள் மட்டும் போதாது. 1961-இல் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் நடந்த சிறிய கூட்டம் ஒன்றுக்காக ஃபிராங்க் டிரேக் ஒரு சமன்பாட்டை எழுதினார். விண்மீன்கள் பிறக்கும் வேகம், அவற்றுள் கோளுடையவற்றின் விகிதம், வாழத்தக்க கோள்கள், அவற்றில் உயிர் தோன்றும் விகிதம், அது அறிவுடையதாக வளரும் விகிதம், அவ்வறிவு விண்வெளிக்குச் செய்தி அனுப்பும் விகிதம், அப்படிப்பட்ட நாகரிகம் நீடிக்கும் காலம் என்பவற்றை ஒன்றோடொன்று பெருக்குவதே அது. முதல் சில காரணிகளுக்கு இன்று ஓரளவு எண் சொல்ல முடிகிறது. உயிர் தோன்றும் விகிதத்துக்கோ நம்மிடம் இருக்கும் எடுத்துக்காட்டு பூமி ஒன்றே. ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டுக் கடையின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட முடியுமா? பெருக்கலில் ஒரு காரணி மிக மிகச் சிறியதாக இருந்தால், பில்லியன் கணக்கான விண்மீன்களும் அதைத் தூக்கி நிறுத்திவிட மாட்டா.

நம்பிக்கை தரும் செய்தி மூலப்பொருள் பக்கத்திலிருந்து வருகிறது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் பூமிக்குக் கொண்டுவரப்பட்ட துகள்களில், பூமியின் உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபணுவின் எழுத்துகளாக விளங்கும் ஐந்து மூலங்களும் இருந்தன. செங்கல்லும் சிமெண்டும் விண்வெளியெங்கும் கிடக்கின்றன என்று இதைச் சொல்லலாம். வீடு தானாக எழுந்துவிடுமா என்பதுதான் தெரியாத பகுதி.

ஏன் எப்போதும் நீரையே தேடுகிறார்கள்?

நாம் அறிந்த எல்லா உயிர்களின் வேதிவினையும் நீரில்தான் நடக்கிறது என்பதே முதற்காரணம். வேறு நீர்மத்தில் இயங்கும் உயிர் இருக்கக்கூடும். ஆனால் அதன் அடையாளம் என்னவென்று தெரியாமல் எதைத் தேடுவது? வெப்பமோ குளிரோ பெரிய தடையில்லை என்பதை, பேராக்கில் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்குப் போய் முட்டை அவித்துத் தின்று வந்தவர்கள் நினைத்துப் பார்க்கலாம். அவ்வகை ஊற்றுகளின் கொதிநீரிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. 1977-இல் காலாப்பாகோஸ் தீவுகளுக்கு அருகே, சூரிய ஒளி எட்டாத கடலாழத்தில், வெந்நீர் கக்கும் பிளவுகளைச் சுற்றி ஓர் உயிர்க்கூட்டமே கண்டுபிடிக்கப்பட்டது. உயிருக்குச் சூரிய வெளிச்சம் கட்டாயம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

செவ்வாயில் உயிரைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே?

ஒரு முறையல்ல, பல முறை வந்தது. 1877-இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டதாக எழுதினார். அமெரிக்கரான பெர்சிவல் லோவல் அவற்றை அறிவுடையோர் வெட்டிய கால்வாய்கள் என்றே நம்பினார். 1965-இல் மரினர் 4 அருகே சென்று எடுத்த படங்களில் பள்ளங்கள்தாம் இருந்தன, கால்வாய்கள் இல்லை.

1976-இல் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களின் கதை இன்னும் ஆழமானது. மண்ணில் கதிரியக்கக் கார்பன் கலந்த சத்துநீர் ஊற்றப்பட்டது. நுண்ணுயிர் இருந்தால் அதைத் தின்று கதிரியக்கம் உள்ள வாயுவை வெளியிடும் என்பது கணக்கு. வாயு வந்தது. மண்ணை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு ஊற்றியபோது வரவில்லை. இதுவரை உயிருக்குச் சாதகம். ஆனால் இரண்டாம் முறை சத்துநீர் ஊற்றியபோது எதிர்பார்த்தபடி வாயு பெருகவில்லை. மேலும், மண்ணைச் சுட்டுப் பார்த்த வேறொரு கருவி, உயிருக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்கள் எவற்றையும் உறுதியாகக் காட்டவில்லை. மண்ணின் வேதிவினையே காரணம் என்று பெரும்பாலோர் முடிவு செய்தார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. 2008-இல் பீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதைக் கண்டது. அந்த உப்பு சூடாகும்போது கரிமச் சேர்மங்களை எரித்துவிடக்கூடியது. அப்படியானால் 1976-இன் கருவி தான் தேடிய பொருளைத் தானே எரித்திருக்கலாம். 32 ஆண்டுகள் கழித்து ஒரு பழைய விடைத்தாளின் திருத்தம் கேள்விக்குள்ளானது. இதனால் அங்கே உயிர் இருந்தது என்று ஆகிவிடாது, ஆனால் "இல்லை" என்ற பதிலின் உறுதி குறைந்தது.

அண்மைச் செய்தி பெர்சிவரன்ஸ் ஊர்தியுடையது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த ஜெசரோ பள்ளத்தில் 2021 முதல் உலவும் அது, 2024 ஜூலையில் சிறுத்தைத் தோலைப் போன்ற புள்ளிகள் கொண்ட ஒரு பாறையைக் கண்டது. அப்புள்ளிகளில் இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்ஃபைடும் இருப்பதாகத் தெரிகிறது. பூமியின் சேற்றில் இவ்விரண்டையும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரின்றியும் இவை உண்டாகக் கூடும். 2025 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை "உயிர்ச்சுவடாக இருக்கக்கூடியது" என்றே சொல்கிறது. தலைப்புச் செய்திகள் அந்தக் "கூடியது" என்ற சொல்லை வசதியாக விழுங்கிவிட்டன. பாறையின் துண்டு குழாய் ஒன்றில் அடைக்கப்பட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. பூமியின் ஆய்வுக்கூடத்துக்கு வராதவரை வழக்கு முடியாது.

எந்த அறிவிப்பு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: உயிர் இல்லாமலே இது நிகழ எத்தனை வழிகள் உண்டு, அவற்றுள் எத்தனையை விலக்கியிருக்கிறார்கள்? 2020-இல் வெள்ளிக்கோளின் மேகங்களில் பாஸ்பீன் வாயு இருப்பதாக வந்த அறிவிப்பு, அந்த வாயு உண்மையிலேயே இருக்கிறதா என்ற முந்தைய கேள்வியிலேயே இன்னும் சிக்கியிருக்கிறது.

சனிக்கோளிலும் வியாழனிலும் வாய்ப்பு உண்டா?

அந்தக் கோள்களில் தேடுவதில்லை. அவற்றின் நிலவுகளில்தான் எதிர்பார்ப்பு இருக்கிறது. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனி ஓட்டுக்கு அடியில், பூமியின் கடல்கள் அனைத்தையும் சேர்த்ததைப் போல இரு மடங்குக்கு மேல் நீர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் அங்கே போய்ச் சேரும். உயிரைக் கண்டுபிடிக்கும் கருவி அதில் இல்லை. கடல் வாழத்தக்கதா என்று பார்ப்பதே அதன் வேலை.

என் விருப்பம் சனியின் நிலவான என்செலடஸ். அதன் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். பினாங்கிலிருந்து ஜோகூர் பாரு போகும் நேர்க்கோட்டுத் தூரத்தையும்விடக் குறைவு. இவ்வளவு சிறிய உருண்டை எப்போதோ உறைந்து செத்திருக்க வேண்டும். ஆனால் சனியின் ஈர்ப்பு அதை ஓயாமல் பிசைந்து சூடாக்குவதால் உள்ளே கடல் உறையாமல் இருக்கிறது. அதன் தென்துருவப் பிளவுகளிலிருந்து அந்தக் கடல்நீர் விண்வெளிக்குப் பீறிட்டு அடிப்பதை 2005-இல் கசினி கலம் கண்டது. துளைபோடும் வேலையே இல்லை, பீறிடும் நீருக்குள் பறந்தாலே கடலைச் சுவைபார்த்துவிடலாம். கசினி அவ்வாறே செய்தது: உப்பு, கரிமச் சேர்மங்கள், ஹைட்ரஜன் ஆகியவற்றைக் கண்டது, அதன் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் 2023-இல் பாஸ்பேட்டும் இருப்பதாக அறிவித்தார்கள். எரிபொருள் தீரும் தறுவாயில், தன்னோடு வந்திருக்கக்கூடிய பூமியின் கிருமிகள் என்செலடஸ் போன்ற சனியின் நிலவுகளில் தொற்றிவிடக் கூடாது என்பதற்காகவே 2017 செப்டம்பரில் கசினியைச் சனிக்குள் விழச்செய்து எரித்தார்கள். உயிர் இருப்பதாக உறுதியே இல்லாத இடத்துக்கும் காட்டப்பட்ட இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்ணுக்கே தெரியாத புறக்கோளில் கடல் வாசனையை எப்படிக் கண்டார்கள்?

கே2-18பி என்ற கோளைப் பற்றிய கேள்வி இது. புறக்கோள்களைப் பெரும்பாலும் நேரில் பார்ப்பதில்லை. கோள் தன் விண்மீனின் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி சற்று மங்குகிறது. பூமி அளவுள்ள கோள் சூரியனின் குறுக்கே போனால் மங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வேளையில் ஒளியின் மிகச் சிறு பகுதி கோளின் வளிமண்டலத்தை ஊடுருவி வருகிறது. ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறங்களை அதிலிருந்து உறிஞ்சிக்கொள்வதால், குறைந்த நிறங்களைப் பார்த்து வாயுவின் பெயரைச் சொல்லலாம்.

124 ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தக் கோளில் மீதேனும் கரியமில வாயுவும் இருப்பதாக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுகள் 2023-இல் காட்டின. 2025 ஏப்ரலில், இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதையொத்த வாயுவின் தடயம் தென்படுவதாக அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடலின் நுண்மிதவை உயிர்கள் வெளியிடுகின்றன. கெர்னி கடற்கரையில் சேற்று வாடை போக எஞ்சும் கடல் வாசனையில் அதற்கும் பங்குண்டு.

நம் தமிழ்க் குழுக்களில் அந்த வாரம் முழுவதும் "உயிர் கண்டுபிடிப்பு" என்ற படம் சுற்றியது. அந்தக் குழுவே அப்படிச் சொல்லவில்லை. அளவீடு தற்செயலாக அமைந்திருக்க ஏறத்தாழ 0.3 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வேண்டிய வரம்பு அதைவிடப் பன்மடங்கு கடுமையானது. அதே தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்த மற்றக் குழுக்கள் தடயம் போதாது என்றன. போதாக்குறைக்கு, உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும் இந்த வாயு கண்டறியப்பட்டிருக்கிறது.

அங்கே போய்ப் பார்த்துவிட முடியாதா?

சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரத்தை ஒரு மீட்டராகச் சுருக்கிக்கொள்ளுங்கள். எஸ்பிளனேட் திடலில் சூரியனை வைத்தால், நெப்டியூன் 30 மீட்டரில், திடலுக்குள்ளேயே இருக்கும். 1977-இல் ஏவப்பட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் ஏறத்தாழ 170 மீட்டர் போயிருக்கும். மிக அருகிலுள்ள விண்மீனான புராக்சிமா செண்டாரியோ 268 கிலோமீட்டரில், அதாவது ரவாங் பக்கத்தில் இருக்கும். அதைச் சுற்றும் கோள் ஒன்று 2016-இல் அறிவிக்கப்பட்டது. வாயேஜரின் வேகத்தில் அவ்வளவு தூரம் போக 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஏழு கோள்களால் புகழ்பெற்ற டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீன் இந்தக் கணக்கில் சென்னையையும் தாண்டிவிடும்.

யாராவது பேசுவது கேட்டிருக்கிறதா?

1960-இல் டிரேக் ஒரு வானொலித் தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பிக் கேட்டார், எதுவும் கேட்கவில்லை. 1967-இல் ஜோசலின் பெல் சீரான துடிப்புகளைப் பதிவு செய்தபோது, வேடிக்கையாக அவற்றுக்குச் "சின்னப் பச்சை மனிதர்" என்றே பெயர் வைத்தார்கள். பிறகு அது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் 72 வினாடிகள் பதிவான வலுவான குறி மீண்டும் வரவே இல்லை. ஒருமுறை மட்டும் அடித்து நின்ற தொலைபேசியைக் கொண்டு அழைத்தவர் இன்னார் என்று சொல்ல முடியாது.

நாம் அனுப்பிய செய்தியில் தமிழ் இருக்கிறதா?

இல்லை. வாயேஜர் கலங்களில் வைக்கப்பட்ட தங்கத் தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்க, தமிழ் விடுபட்டுப் போயிற்று. இதைச் சொன்னால் திடலில் எப்போதும் ஒரு பெருமூச்சு எழும். பினாங்குக்காரர்களுக்கு ஆறுதலாக ஒன்று உண்டு: நம் ஊர் ஹொக்கியனுக்கு நெருங்கிய உறவான அமோய் மொழி வாழ்த்து, விண்வெளி நண்பர்களிடம் நலம் விசாரித்துவிட்டு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறது, நேரம் கிடைத்தால் வந்து போங்கள் என்றும் அழைக்கிறது.

பறக்கும் தட்டைப் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்களே?

பார்த்தது உண்மையாக இருக்கலாம். தட்டு என்பது அவர்கள் செய்துகொண்ட விளக்கம். மேக இடைவெளியில் தெரியும் வெள்ளிக்கோள், வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், டிரோன்கள் ஆகிய மூன்றையும் என்னிடமே பலர் விண்கலம் என்று காட்டியிருக்கிறார்கள். நாசா அமைத்த தனிக்குழு 2023 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இவ்வகைக் காட்சிகள் வேற்றுலகிலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று இல்லை என்றது. 2025 ஜூலையில் கண்டறியப்பட்ட 3ஐ/அட்லஸ் வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் அது வால்மீன்.

நம் முன்னோர் இதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டார்கள் என்கிறார்களே?

திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் நூற்றொரு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்கள் விரிந்து கிடப்பதாக வருவதைப் பெரியவர் ஒருவர் எனக்குப் பாடியே காட்டினார். அழகான கற்பனை, பூமி ஒன்றே உலகம் என்று எண்ணாத மனத்தின் விரிவு. ஆனால் அடியவர் இறைவனின் பெருமையை வியந்து பாடியதைத் தொலைநோக்கியின் அளவீட்டோடு ஒப்பிடுவது இரண்டுக்குமே நியாயம் செய்யாது. வேற்றுலகில் நுண்ணுயிர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பாட்டுக்குக் குறைவொன்றும் நேராது.

இந்த உலகங்களில் எதையாவது பினாங்கிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். ஜூன் நடுவில் இரவு 10 மணியளவில், தெற்கே கடல் திறந்திருக்கும் தெலுக் கும்பார் போன்ற இடத்தில் நின்று தெற்கு நோக்குங்கள். தொடுவானிலிருந்து ஏறத்தாழ 24 பாகை உயரத்தில் பிரகாசமான இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரியும். இடப்பக்கத்தது ஆல்ஃபா செண்டாரி. புராக்சிமா அதன் கூட்டாளி, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டிரேக் காதுகொடுத்த டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி ஆகிய இரண்டையும் டிசம்பர் இரவுகளில், நகர விளக்குகளை விட்டு விலகிப் பாலேக் பூலாவ் பக்கம் போனால் வெறுங்கண்ணாலேயே காணலாம். வியாழன் வானில் இருக்கும் மாதங்களில் நல்ல இருகண் நோக்கி ஒன்றைச் சுவரிலோ கார்க் கூரையிலோ ஊன்றிப் பிடித்துப் பார்த்தால், அதன் இருபுறமும் வரிசையாக நான்கு புள்ளிகள் வரை தெரியும். கலிலியோ 1610-இல் கண்டவை அவைதாம். அவற்றுள் ஒன்று யூரோப்பா. அன்றிரவு எந்தப் புள்ளி அது என்று கைப்பேசியில் உள்ள வானவரைபடச் செயலி சொல்லிவிடும். எங்கள் வரிசைக்கு வந்தால் நாங்களும் சொல்லுவோம்.